பத்து விரலுக்குப் பத்தே கீ: தமிழுக்கு ஒரு கூட்டழுத்த கீபோர்டு

இந்தப் பதிவில் பாதிக்கு மேல் பத்தே பத்து கீ உள்ள ஒரு பலகையில் அடித்தது. விரலுக்கு ஒரு கீ. எந்த விரலும் தன் இடத்தை விட்டு நகராது. ஒரு விரலோ நாலு விரலோ சேர்ந்து இறங்கி ஏறினால் ஓர் எழுத்து. "கா" ஓர் அழுத்தம், "க்கா"வும் ஓர் அழுத்தம்தான். சாதாரணக் கீபோர்டில் தமிழ் அடிக்கும் தமிழ்99 முறையில் எனக்கு இருக்கும் வேகத்தை இது இன்னும் எட்டவில்லை. ஆனால் நின்று யோசிக்காமல் அடிக்க வந்துவிட்டது. எந்த விரல் ஏன் எந்த எழுத்துக்குப் போனது என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

கூட்டாக அழுத்தும் கீபோர்டு புதிய சங்கதி இல்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை உலகுக்குக் காட்டினாரே, அன்று அவருடைய வலது கையில் மவுஸ் இருந்தது, இடது கைக்கு ஐந்து கீ உள்ள ஒரு சின்னப் பலகை இருந்தது. ஐந்து கீயைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் 31 விதம் கிடைக்கும். ஆங்கிலத்தின் 26 எழுத்து அதில் அடங்கிவிடும். மவுஸ் எல்லார் வீட்டுக்கும் வந்தது, அந்தப் பலகை வரவில்லை.

தமிழுக்கு 247 எழுத்தாயிற்றே என்று தோன்றும். ஆனால் தமிழ்99 அடிப்பவர்களுக்குத் தெரியும், அங்கே உயிர் முழுக்க இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். க, அப்புறம் ஆ, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தால் கா. அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன என்பதுதான் என் யோசனை. இடது கைக்கு 31, அதில் 12 உயிரும் புள்ளியும். வலது கைக்கு 31, அதில் 18 மெய்யும் கிரந்தமும். இடம் மீதியே இருக்கிறது.

முதலில் சாமான். மூளைக்கு ராஸ்பெர்ரி பை பிகோ என்ற, நிரல் எழுதிப் போடக்கூடிய சின்ன மின்னணு போர்டு, 400 ரூபாய். ஆன்லைனில் பத்து மெக்கானிக்கல் சுவிட்ச். வயர், ஈயம், ஃப்ளக்ஸ் எல்லாம் ரிச்சி தெருவில் 150 ரூபாய்க்குள் முடிந்தது. சுவிட்சின் தலையில் மாட்டும் கீகேப் 250. மேல் தகட்டுக்கு 3 மிமீ அக்ரிலிக், லேசரில் வெட்டித் தர 300.

தகட்டை வரையும் முன் கையை அளக்க வேண்டும். சாதாரண கீபோர்டில் கீகளுக்கு நடுவே மையத்திலிருந்து மையத்துக்கு 19.05 மிமீ. அகலத்துக்கு அதை அப்படியே வைத்துக்கொண்டேன். ஆனால் விரல்கள் ஒரே நீளமில்லை. ஸ்டாம்ப் பேடில் விரல் நுனிகளை ஒற்றி, கையைத் தளர்வாக வளைத்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்து எடுத்தேன். நடு விரலை மேல் கோடாக வைத்தால் மோதிர விரல் 5 மிமீ கீழே, ஆள்காட்டி 8 மிமீ கீழே, சுண்டு விரல் 24 மிமீ கீழே. சுண்டு விரலின் அந்த 24-ஐப் பார்த்ததும் இத்தனை வருஷம் நேர் வரிசைக் கீபோர்டில் அந்த விரலை என்ன பாடு படுத்தியிருக்கிறோம் என்று புரிந்தது. கட்டை விரல் பக்கவாட்டில் படுத்த மாதிரிதான் விழும், அதனால் அதன் கீயைச் சாய்த்து வரைந்தேன்.

சுவிட்ச் உட்கார 14 மிமீ சதுர ஓட்டை வேண்டும். 14 என்றே வரைந்து கொடுத்தேன். லேசர் கதிர் ஓட்டையின் ஓரத்தை ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் தின்றுவிடும், வந்தது 14.2. சுவிட்ச் எல்லாம் ஆடின. 13.8 என்று மாற்றி மறுபடி வெட்டினேன், இன்னொரு 300. கடைக்காரப் பையன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, மீதி ஓட்டையெல்லாம் எப்ப போடணும்?" என்றான். இவ்வளவுதான் தம்பி என்றேன். நம்பவில்லை.

3 மிமீ தகட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. சுவிட்சின் பக்கவாட்டுக் கொக்கி 1.5 மிமீ தகட்டுக்காகச் செய்தது, தடித்த தகட்டில் மாட்டாது. இறுக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். அடியில் ஹாட் குளூ ஒரு பொட்டு வைத்துவிட்டேன்.

வயரிங் சுலபம். பெரிய கீபோர்டுகளில் நூறு கீயைக் குறைந்த பின்களில் (வயர் இணைக்கும் கால்களில்) படிக்க, வரிசையும் நிரலுமாகக் கட்டி, கீக்கு ஒரு டயோடு போடுவார்கள். இங்கே பத்து கீதான், பிகோவில் இதற்குப் பயன்படுத்தக்கூடிய பின் மட்டும் 26 இருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சின் ஒரு காலை ஒரு பின்னுக்கு, இன்னொரு காலை எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு. இடது கை ஜிபி2 முதல் 6 வரை, வலது கை ஜிபி7 முதல் 11 வரை. பிகோவின் உள்ளேயே இருக்கும் புல்-அப்பை (கீ அழுந்தாதபோது பின்னை உயர்ந்த மின்னழுத்தத்தில் பிடித்து வைப்பது) மென்பொருளில் போட்டுக்கொண்டால் ரெசிஸ்டரும் வேண்டாம்.

பிகோவின் மேலேயே இருக்கும் பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டே கம்ப்யூட்டரில் செருகினால் பிகோ ஒரு பென் டிரைவ் போலத் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஈயம் வைத்த இடத்தையெல்லாம் சந்தேகப்பட்டு மல்டிமீட்டரோடு உட்கார்ந்தால், குற்றவாளி கேபிள். பழைய சார்ஜரோடு வந்த, மின்சாரத்தை மட்டும் கடத்தும், டேட்டா கம்பியே இல்லாத கேபிள். 120 ரூபாய்க்கு வேறு வாங்கிச் செருகியதும் தெரிந்தது. பிகோவில் பைத்தான் நிரல் ஓட வைக்கும் சர்க்யூட்பைத்தானை இழுத்துப் போட்டேன்.

கீகளைப் படிக்க அதிலேயே கீபேட் என்று ஒரு தொகுதி இருக்கிறது. சும்மா விட்டால் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் கீகளைப் பார்க்கும். ஒற்றைக் கீக்கு அது போதும். நாலு விரலில் எது முதலில் ஏறியது என்று பார்க்கப் போதாது. 5-க்குக் குறைத்தேன்.

பிகோவிலிருந்து தமிழ் எழுத்தை நேரடியாக அனுப்ப முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். யுஎஸ்பி கீபோர்டு எந்தக் கீ அழுந்தியது என்று மட்டுமே சொல்லும், என்ன எழுத்து என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். அதனால் கம்ப்யூட்டரில் தமிழ்99-ஐ ஓட விட்டு, என் பலகை தமிழ்99 கீகளை வேகமாக அடிக்கும்படி செய்தேன். நான் "கா" என்று ஒரு முறை அழுத்தினால் பலகை ஹெச் (க), க்யூ (ஆ) என்று இரண்டு கீ அடிக்கும்.

இந்த ஏற்பாடு முதல் நாளே காலை வாரியது. "நதி" அடித்தால் "ந்தி" வந்தது. "பப்பாளி" அடித்தால் "ப்ப்பாளி". தமிழ்99-இல் ஒரே மெய் இரண்டு முறை வந்தாலும், ந-த மாதிரி இனத்தோடு சேர்ந்து வந்தாலும் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். கையால் அடிக்கும்போது வசதி, இங்கே வம்பு. நல்லவேளை, நடுவில் அ அடித்தால் அந்தத் தானியங்கிப் புள்ளி விழாது என்பதும் அதே தமிழ்99 விதிதான். வெறும் மெய் அழுத்தினால் எப்போதும் கூடவே ஓர் அ அனுப்பும்படி எழுதிவிட்டேன். இப்போது க என்றால் ஹெச் (க), ஆங்கில ஏ (அ). பிரச்சினை தீர்ந்தது. சில எடிட்டர்களில் கீகள் மிக வேகமாக வந்து எழுத்து முன்பின் மாறி விழுந்தது. அதற்கு ஒவ்வொரு கீக்கும் நடுவே 8 மில்லிசெகண்டு இடைவெளி.

இனி எந்த விரலுக்கு எந்த எழுத்து. சாலிடரிங் ஒரு மாலை, இது மாதக்கணக்கு.

நான் எழுதி வைத்திருந்த பழைய கோப்புகளை ஒரு சின்ன பைத்தான் நிரலில் போட்டு எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே வந்தது எழுத்தே இல்லை, புள்ளி. சரி, புள்ளிக்கு இருப்பதிலேயே பலமான விரல்: இடது கட்டை. மெய்யோடு இடது கட்டை விரலைச் சேர்த்தால் க், த், ம். புள்ளி தனியாக வராது, ஆகவே இடது கட்டை விரலை மட்டும் தட்டினால் ஸ்பேஸ். வலது கட்டை விரலை மட்டும் தட்டினால் அழிப்பு.

வலது கையில் பள்ளிக்கூட இலக்கணத்தையே பிடித்துக்கொண்டேன். வல்லினம் ஆறையும் இடையினம் ஆறையும் நாலு விரலின் கூட்டுகளில் வைத்தேன். வலது கட்டை விரலைச் சேர்த்தால் வல்லினம் அதன் மெல்லினமாகிவிடும். ஆள்காட்டி மட்டும் க, கட்டையோடு ங. நடு விரல் த, கட்டையோடு ந. மோதிர விரல் ப, கட்டையோடு ம. சுண்டு விரல் ற, கட்டையோடு ன. ஆள்காட்டியும் நடுவும் ட, கட்டையோடு ண. நடுவும் மோதிரமும் ச, கட்டையோடு ஞ. ஆறு கூட்டு கற்றால் பன்னிரண்டு எழுத்து வந்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தேன்.

அந்த உற்சாகத்திலேயே இன்னொரு படி போனேன். இடது கையில் நாலு விரலுக்கு 15 கூட்டு, அதில் 12 உயிரும் உட்கார்ந்துவிட்டன. ஆ, இ, உ, ஐ நாலும் ஒற்றை விரல். உயிரோடு இடது கட்டையையும் சேர்த்தால்? இரட்டிப்பு என்று வைத்தேன். க-வும் ஆ-வும் கா, கூடவே இடது கட்டையும் இறங்கினால் க்கா. அ-வுக்கும் ஒரு கூட்டு இருப்பதால் க்க, த்த, ப்ப எல்லாம் ஒரே அழுத்தம். மெல்லினத்துக்கு அதே விதியில் ங்க, ஞ்ச, ந்த, ண்ட, ம்ப, ன்ற வரும்படி செய்தேன். தாளில் பார்க்க அவ்வளவு அழகு.

அடித்துப் பார்த்தேன். அம்மா "அம்பா" ஆனாள். என்ன என்பது "என்ற". கண்ணன் "கண்டன்".

மெல்லினம் தன் இனத்தோடு மட்டுமா சேரும், தன்னோடும் சேருமே. மெய்ம்மயக்கம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது அன்றுதான் முதல்முறை உதவியது. ன்ன, ண்ண, ம்ம மூன்றும் நாம் நாள் முழுக்கப் பேசுவது. ங்ங, ஞ்ஞ, ந்ந எப்போதாவதுதான் வரும். ஆகவே விதியை இரண்டாக உடைத்தேன். ங, ஞ, ந மூன்றுக்கும் இடது கட்டை சேர்ந்தால் ங்க, ஞ்ச, ந்த. ண, ம, ன மூன்றுக்கும் நிஜமான இரட்டிப்பு. ண்ட, ம்ப, ன்ற இரண்டு அழுத்தமாகப் பிரிந்துபோயின, போகட்டும். விஞ்ஞானத்துக்கும் இந்நாளுக்கும் இரண்டு அழுத்தம். அங்ஙனம் என்று எழுதுகிறவர்கள் இரண்டு முறை அழுத்துவதில் தவறே இல்லை.

அதே மெய்ம்மயக்கப் பாடத்தில் ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் சேராது என்று வரும். அப்படியானால் ர-வின் இரட்டிப்பு இடங்கள் எல்லாம் காலி. ர-வோடு அ-வும் இடது கட்டையும் சேர்ந்தால் "கள்" என்று போட்டேன். நீதிமன்றங்களில் ஸ்டெனோ இயந்திரத்தில் அடிப்பவர்கள் வார்த்தைக்கு வார்த்தை இப்படிச் சுருக்கம் வைத்திருப்பார்கள். நான் வைத்தது ஒன்றுதான், ஆனால் பன்மை எழுதும்போதெல்லாம் லாபம். "கொண்டிருந்தார்கள்" தமிழ்99-இல் 15 கீ. இங்கே கொ, ண், டி, ரு, ந்தா, ர், கள் என்று ஏழு அழுத்தம். "வணக்கம்" அங்கே ஆறு, இங்கே நாலு.

விரல்கள் இலக்கணம் படித்தவை அல்ல என்பது ழ-வில் தெரிந்தது. ழ-வை நடு விரலும் சுண்டு விரலும் சேர்ந்து, மோதிர விரல் மேலே நிற்கும் கூட்டில் வைத்திருந்தேன். வைத்துப் பாருங்கள்: சுண்டு விரல் இறங்கினால் மோதிர விரலும் கூடவே இறங்கப் பார்க்கும். மூன்று விரலும் இறங்கினால் என் பலகையில் ள. விளைவு, என் கீபோர்டு "தமிள்" என்றும் "வாளைப்பளம்" என்றும் எழுத ஆரம்பித்தது. பேச்சில் திருத்த முடியாத ஊர் வழக்கம் கீபோர்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு வாரம் போல வீம்புக்குப் பழகிப் பார்த்துவிட்டு, ழ-வை ஆள்காட்டியும் மோதிரமும் என்று மாற்றினேன். நடு விரலைத் தூக்கிப் பிடிப்பதில் கஷ்டமில்லை. அந்தப் பழைய கூட்டைக் காலியாகவே விட்டிருக்கிறேன். எந்த எழுத்தை வைத்தாலும் அது தப்பாகத்தான் விழும்.

எழுத்து எப்போது போக வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. எல்லா விரலும் ஏறிய பிறகு அனுப்புவது ஒரு முறை, முதல் விரல் ஏறிய கணமே அனுப்புவது மற்றொன்று. முதல் முறையில் விரல்கள் முன்னே பின்னே இறங்கினாலும் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் கை முழுக்க மேலே வந்தாக வேண்டும். இரண்டாவதில் ஒரு கை எழும்போதே மறு கை அடுத்ததற்கு இறங்கலாம். நான் இரண்டாவதில் தொடங்கினேன், பழகாத விரல்கள் ஒன்று இறங்குமுன் இன்னொன்று ஏறி, ஓர் எழுத்து இரண்டாக உடைந்தது. பலகையில் ஒரு சிலைடு சுவிட்ச் வைத்து, பழகும் வரை முதல் முறை, கை வந்த பிறகு இரண்டாவது என்று ஆக்கினேன். இதைச் செய்கிற எவருக்கும் இந்தச் சுவிட்சைப் பரிந்துரைப்பேன், பத்து ரூபாய்கூட ஆகாது.

அழிப்பிலும் கொஞ்சம் வேலை இருந்தது. யுனிகோடில் "கோ" என்பது க-வும் ோ-வும் ஆக இரண்டு குறி. ஒரு பேக்ஸ்பேஸ் அடித்தால் கொம்பும் காலும் போய் க நிற்கும். "க்கா" என்றால் நாலு பேக்ஸ்பேஸ். ஒரே அழுத்தத்தில் போட்டதை நாலு முறை அழிப்பது எரிச்சல். கடைசி அழுத்தம் எத்தனை குறி அனுப்பியது என்று பலகையே நினைவில் வைத்து, அத்தனை பேக்ஸ்பேஸ் அனுப்பும்படி செய்தேன். பழகும் காலத்தில் மிக அதிகம் உழைத்த விரல் வலது கட்டைதான்.

சுவிட்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் போட்டது க்ளிக் சத்தம் வரும் ப்ளூ, பத்து 300 ரூபாய். நாலு விரல் சேர்ந்து இறங்கும்போது நாலு க்ளிக் நாலு நேரத்தில் கேட்கிறது, எது முழுதாக இறங்கியது என்று காது குழம்புகிறது. வீட்டில் தூங்குகிறவர்களின் கருத்து தனி. 45 கிராம் அழுத்தத்தில் 2 மிமீ இறங்கியதும் தொடர்பு கொடுக்கும் ரெட் 350-க்கு வாங்கி மாற்றினேன். மாற்ற, வைத்த ஈயத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்து, குளூவைச் சுரண்டி, ஓர் அரை நாள். மொத்தச் செலவு 2,170. ப்ளூவும் முதல் அக்ரிலிக்கும் இல்லாமல் போயிருந்தால் 1,570-இல் முடிந்திருக்கும்.

பழகியதைப் பற்றி. முதல் சில நாள் அ முதல் ஔ வரை, க முதல் ன வரை வரிசையாக அடித்துக்கொண்டிருந்தேன். வரிசை வந்தது, வார்த்தை வரவில்லை. தெரிந்த ஆசிரியர் ஒருவர், பார்வையற்றவர், பல வருஷமாகப் பிரெய்ல் டைப்ரைட்டரில் எழுதுபவர். அதிலும் எழுத்துக்கு ஆறு கீதான், புள்ளிகளுக்கு ஏற்ப விரல்களைச் சேர்த்து அழுத்துவதுதான். பலகையைக் கொடுத்ததும் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நாங்க ஆறு விரல்ல பண்றத நீங்க பத்து விரல்ல பண்றீங்க சார். எழுத்து எழுத்தா ஓட்டாதீங்க. நாலு வார்த்தைய எடுத்துக்கிட்டு அதையே அடிங்க, கை தானா புடிச்சுக்கும்."

அப்படியே செய்தேன். என்று, இருந்தது, கொண்டு, வேண்டும். இந்த மாதிரி வார்த்தைகள் கை வந்ததும் மற்றவை அவற்றின் வால் பிடித்து வந்தன. "ந்த" எனக்கு முதலில் எழுத்தாக இருப்பதை விட்டு அசைவாக மாறியது. வலது கட்டையும் நடுவும், இடது கட்டையும் அ-வும், ஹார்மோனியத்தில் சுரக்கூட்டு பிடிப்பது போல ஒரே பிடி. நிமிடத்துக்குச் சுமார் அறுபது எழுத்தில் வெகுநாள் நின்று, இப்போது நூற்றிருபதை ஒட்டி ஓடுகிறது. தமிழ்99-இல் என் வேகம் இதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். மணிக்கட்டு வலி மட்டும் நிஜமாகவே குறைந்திருக்கிறது, கை எங்கும் போகவில்லையே. பதிலுக்கு இடது கட்டை விரலின் அடி மூட்டு மாலையில் கடுகடுக்கிறது. புள்ளி, ஸ்பேஸ், இரட்டிப்பு மூன்றையும் அதன் தலையில் கட்டினால் வேறென்ன ஆகும்.

ஆகவே அடுத்த பலகையில் ஸ்பேஸ் மட்டும் வேறிடம் போகும், இடது உள்ளங்கை ஓரத்துக்குப் பதினொன்றாவது கீயாக. சுவிட்சுகளை சாலிடர் பண்ண மாட்டேன், கழற்றி மாட்டும் சாக்கெட் பத்து வாங்கி வைத்தாயிற்று. தகடு இரண்டாகப் பிரிந்து தோள் அகலத்தில் நிற்கும், கட்டை விரல் ஓட்டை இப்போதிருப்பதைவிட 15 மிமீ உள்ளே வரும். கிரந்தத்தைத்தான் என்ன செய்வதென்று புரியவில்லை. ஜ, ஷ, ஸ, ஹ நாலையும் வலது கட்டையோடு மூன்று விரல் கூட்டுகளில் ஒதுக்கியிருக்கிறேன். எப்போதாவது வருவதால் கை மறந்துவிடுகிறது. ராஜா வந்தால் நிற்கிறேன், பஸ் வந்தாலும் நிற்கிறேன். பாஸ்வேர்டுக்கும் ஆங்கிலத்துக்கும் பழைய கீபோர்டு பக்கத்திலேயே இருக்கிறது, அதை எடுத்து வைக்கும் உத்தேசம் இப்போதைக்கு இல்லை.